பழச்சாறு தெளிய ஒரு பூஞ்சை நொதி: கேள்வி பதில்

கேள்வி: கொய்யாச் சாற்றை மெல்லிய துணியில் எத்தனை முறை வடித்தாலும் கலங்கலாகவே இருக்கிறது. நொதி சேர்த்தால் மட்டும் எப்படித் தெளிகிறது?

பதில்: கலங்கலைப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்னும், பழத்தின் செல்சுவரிலுள்ள பசைபோன்ற பொருள். சாற்றில் மிதக்கும் நுண்துகளின் உள்ளே நேர்மின்னேற்றம் கொண்ட புரதம்; அதன்மேல் போர்வைபோல எதிர்மின்னேற்றம் கொண்ட பெக்டின். வெளிப்பக்கம் எல்லாமே எதிர்மின்னேற்றம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பெக்டினை வெட்டும் நொதியான பெக்டினேஸ் அந்தப் போர்வையை அங்கங்கே கிழித்ததும் உள்ளிருக்கும் புரதம் பக்கத்துத் துகளின் பெக்டினோடு ஒட்டிக்கொள்கிறது. கொத்துக்கொத்தாகத் திரண்டு அடியில் படிகிறது. ஆப்பிள் சாற்றுக்கு 1930-களிலேயே இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. மாதுளைச் சாற்றில் கலங்கலுக்குப் பெரும்பாலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் புரதமுமே காரணம். அங்கே பெக்டினேஸை மட்டும் நம்பாதீர்கள், ஜெலட்டினோ பென்டோனைட் களிமண்ணோ தேவைப்படும்.

கேள்வி: ஐயா, முதுகலைத் திட்டப்பணிக்கு, பெக்டினேஸைச் சுரக்கும் பூஞ்சையான அஸ்பெர்ஜில்லஸ் நைகரைக் கோதுமைத் தவிட்டில் வளர்க்கிறேன். ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: 50 முதல் 60 விழுக்காடு. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. நீர் மிகுந்தால் காற்று போகாமல் பூஞ்சை திணறும். தவிட்டோடு உலர்த்திய ஆரஞ்சுத் தோலைச் சேருங்கள். பெக்டினைக் கண்டால்தான் பூஞ்சை பெக்டினேஸைத் தாராளமாகச் சுரக்கும். 30 டிகிரியில் மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு குடுவையை எடுத்துச் சோதித்து, உச்சத்தில் அறுவடை செய்யுங்கள்.

கேள்வி: நொதி பெக்டினை வெட்டும்போது வெளிவரும் சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டி.என்.எஸ். சோதனையில் எல்லா மாதிரியும் அடர்ந்த சிவப்பாகிறது. நொதி அவ்வளவு வலுவானதா?

பதில்: அவசரப்பட்டு மகிழ வேண்டாம். நொதிக்காகத் தவிட்டிலிருந்து வடித்த சாற்றிலேயே சர்க்கரை இருக்கிறது. கொதிக்க வைத்துச் செயலிழக்கச் செய்த அதே சாற்றை ஒப்பீட்டுக்கு வைத்து, அதன் அளவைக் கழியுங்கள்.

கேள்வி: நொதியைத் தூய்மையாக்க, புரதங்களை மின்னேற்றத்தால் பிரிக்கும் அயனிப் பரிமாற்ற நிரல் வரை போக வேண்டுமா?

பதில்: நொதியின் மூலக்கூறு எடையையோ வினைவேகத்தையோ ஆராய்வதானால் போகத்தான் வேண்டும். சாறு தெளிய வேண்டுமானால் வேண்டவே வேண்டாம் என்பேன். பெக்டினேஸ் என்பது ஒரே நொதி அல்ல. பெக்டினிலுள்ள மெத்தில் தொகுதிகளை நீக்கும் பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் வழிவிட்ட இடத்தில்தான், சங்கிலியை அறுக்கும் பாலிகேலக்டுரோனேஸ் நன்றாக வெட்டும். நிரலில் இரண்டையும் பிரித்துவிட்டுத் தூய நொதி வேலை செய்யவில்லையே என்று வருந்துகிறவர்கள் பலர்.

புரதத்தைக் கரைசலிலிருந்து படியவைக்கும் உப்பான அம்மோனியம் சல்பேட்டே போதும். பீக்கரைப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, பொடித்த உப்பைச் சிறுகச் சிறுகத் தூவி 80 விழுக்காடு தெவிட்டல் நிலை (saturation) வரை கொண்டு செல்லுங்கள். நுரை எழும்படி கலக்காதீர்கள். நுரையில் புரதம் உருக்குலையும். படிவை மையவிலக்கில் பிரித்துக் கரைத்து டயாலிசிஸ் (நுண்துளைப் பையில் கட்டி நீரில் அமிழ்த்தி உப்பை வெளியேற்றுதல்) செய்யும்போது, பையில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டுக் கட்டுங்கள். நீர் உள்ளே புகுந்து பை உப்பும். பழச்சாற்றில் சேர்ப்பதற்கு முன் உப்பும் பூஞ்சை வித்துகளும் முழுமையாக நீங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: அழுகிய ஆரஞ்சில் பூத்த பூஞ்சையையே பயன்படுத்தலாமா?

பதில்: ஆய்வுக்குப் பிரித்தெடுக்கலாம். குடிக்கும் சாற்றில் கூடாது. அஸ்பெர்ஜில்லஸ் நைகரிலேயே சில வகைகள் ஒக்ராடாக்சின் என்னும் நச்சைச் சுரப்பவை. விற்பனைக்குச் சாறு தயாரிப்பவர்கள் உணவுத் தர நொதியை வாங்கிப் பயன்படுத்துவதே முறை.

கேள்வி: நொதி சேர்த்தபின் வேலை முடிந்தது என்று எப்படி அறிவது?

பதில்: 45 முதல் 50 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தபின், வடித்த சாறு ஒரு பங்குக்கு, சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த எத்தனால் இரண்டு பங்கு சேர்த்து மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள். கால் மணி நேரத்தில் வழவழப்பான திரள் மேலெழுந்தால் பெக்டின் மிச்சமிருக்கிறது, இன்னும் காத்திருங்கள். திரள் இல்லையென்றால் சாற்றை 85 டிகிரிக்கு மேல் சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்து, ஆறவிட்டு வடிகட்டுங்கள்.