நிறுவனத்தின் சிக்கலும் மாணவர் குழுவும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கோயம்புத்தூரில் மேலாண்மைத் துறை ஆசிரியராக இருக்கிறேன். கடந்த 16 ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஐந்தாறு மாணவர் குழுக்களை இப்பகுதியின் பம்ப், கிரைண்டர், வார்ப்பட நிறுவனங்களுக்கும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களுக்கும் ஆலோசகர்களாக அனுப்பி, அவர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். இவ்வகை லைவ் ப்ராஜெக்ட்கள் குறித்துச் சென்ற வாரம் உங்களில் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதியிருக்கிறேன்.

எம்.பி.ஏ. முதலாண்டு மாணவி: ஐயா, இன்டர்ன்ஷிப்புக்கும் நீங்கள் சொல்லும் ஆலோசனைப் பணிக்கும் என்ன வேறுபாடு? எங்கள் கல்லூரியில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள்.

இன்டர்ன்ஷிப்பில் நிறுவனம் ஏற்கெனவே செய்துவரும் வேலையில் ஒரு பகுதியை உங்களிடம் கொடுக்கிறது. அதைச் செய்தபடியே கற்றுக்கொள்கிறீர்கள். ஆலோசனைப் பணியில் நிறுவனத்துக்கே விடை தெரியாத ஒரு கேள்வி நான்கைந்து பேர் கொண்ட குழுவிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதற்குக் காலக்கெடுவும், கல்லூரித் தரப்பில் ஒரு வழிகாட்டியும், நிறுவனத் தரப்பில் பதில் சொல்லும் பொறுப்புள்ள ஒருவரும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது இன்டர்ன்ஷிப்பாகவே முடியும்.

இது புதிய முறையும் அன்று. கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 1963இலேயே, மருத்துவ மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துக் கற்பதைப் போலப் பொறியியல் மாணவர்களும் நிறுவனங்களின் மெய்யான சிக்கல்களில் கற்க வேண்டும் என்று கருதி, ‘கிளினிக்’ என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் கல்லூரியில் 1992 முதல் எம்.பி.ஏ. முதலாண்டு மாணவர்கள் ஏழு வாரம் முழுநேரமாக ஒரு நிறுவனத்தின் சிக்கலில் உழைக்கிறார்கள். பாரிஸ் பகுதியிலுள்ள எஸ்செக் கல்லூரி மாணவர்கள் 1967இல் தாங்களே நடத்தும் ஆலோசனை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ‘ஜூனியர் எண்டர்பிரைஸ்’ என்ற அந்த முறை பிறகு ஐரோப்பா முழுவதும் பரவி பிரேசில் வரை சென்றது.

திருப்பூரில் ஜாப் ஒர்க் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும்) நிறுவன உரிமையாளர்: முப்பது வருடமாகத் தொழிலில் இருக்கும் எங்களுக்குத் தெரியாத எதை இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் சொல்லிவிடப் போகிறார்கள்?

உங்கள் தொழிலை உங்களைவிட நன்றாக அறிந்தவர்களாக அவர்கள் வருவதில்லை. அப்படி நினைத்துக்கொண்டு வரும் குழுவை முதல் நாளே நான் திருத்திவிடுவேன். உங்களுக்குக் கிடைக்காத இரண்டு வசதிகள் அவர்களுக்கு இருக்கின்றன. ஒன்று, உட்கார்ந்து எண்ணிப் பார்க்க நேரம். மற்றொன்று, முதலாளியிடம் சொல்லத் தயங்குவதைத் தொழிலாளர்கள் ஒரு மாணவியிடம் தயங்காமல் சொல்லிவிடுவது.

சில ஆண்டுகளுக்கு முன், டேபிள் டாப் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு நான்கு மாணவர்களை அனுப்பினேன். தென் மாவட்டங்களில் விற்பனை குறைந்துவிட்டது, சமூக ஊடகத்தில் எப்படி விளம்பரம் செய்யலாம் என்று சொல்லுங்கள் என்பதே உரிமையாளர் கொடுத்த கேள்வி. முதல் இரண்டு நாள் குழு விளம்பரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சர்வீஸ் பிரிவில் காத்திருந்த மாணவி ஒருவர், மேசைமேல் கிடந்த சிவப்பு அட்டை போட்ட புகார்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பதினோரு மாதப் பதிவுகளை வரி வரியாக எக்செலில் ஏற்றத் தொடங்கினார். அந்த நோட்டில் மூன்று பேருடைய கையெழுத்து இருந்தது. ஒருவர் ‘பெல்ட்’ என்றும், ஒருவர் ‘பெல்டு’ என்றும் எழுதியிருந்தார். வயதில் மூத்த பணியாளர் சில இடங்களில் ‘வார்’ என்றும் சில இடங்களில் ‘பட்டை’ என்றும் குறித்திருந்தார். நான்கும் ஒரே உதிரிபாகம்தான். நான்கு பெயர்களில் சிதறிக் கிடந்ததால் அதன் மொத்த எண்ணிக்கை யார் கண்ணிலும் படவில்லை. ஒன்றாகச் சேர்த்தபோது, தென் மாவட்டங்களிலிருந்து வந்த புகார்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு பொருளுக்கானவை என்று தெரிந்தது.

பெல்ட் தேய்வது இயல்பு. அதில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. ஆனால் மாற்றுப் பெல்ட் கேட்ட டீலருக்கு, அடுத்த கிரைண்டர் லோடு லாரியில் ஏறும்போதுதான் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லோடு சேர மூன்று வாரம் ஆனால் பெல்ட்டும் மூன்று வாரம் காத்திருந்தது. மாவரைக்க முடியாத வீட்டார் கடைக்கு வந்து கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தைத் தாங்கிய டீலர், அடுத்து வந்த வாடிக்கையாளரிடம் வேறு பிராண்டை எடுத்துக் காட்டினார். நாகர்கோவில் டீலர் ஒருவர் தொலைபேசியில் இதை அப்படியே ஒப்புக்கொண்டார். குழுவின் பரிந்துரை மிக எளியது: உதிரிபாகங்களை லோடுக்குக் காத்திருக்கவிடாமல் செவ்வாய்தோறும் தனி பார்சலாக அனுப்புங்கள், புகார்ப் பதிவேட்டில் பொருளின் பெயரை ஒரே மாதிரியாக எழுதுங்கள். முப்பது வருட அனுபவம் உள்ள அந்த உரிமையாளருக்கு இது தெரியாதா என்றால், தனித்தனியாக எல்லாமே தெரியும். சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒரு வாரம் கிடைத்ததில்லை.

பொறியியல் இறுதியாண்டு மாணவர்: எங்களுக்குக் கிடைத்த நிறுவனம் “லாபத்தைக் கூட்ட வழி சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அந்தக் கேள்வியோடு தொடங்காதீர்கள். எட்டு வாரத்தில் விடை காணக்கூடிய அளவுக்கு அதைச் சுருக்கி, ஒரே பக்கத்தில் எழுதி, உரிமையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள், எந்தத் தேதிக்குள் அவர்கள் என்ன தகவல் தர வேண்டும், முடிவெடுப்பவர் யார் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். முதல் வாரத்தில் எந்த யோசனையும் சொல்லாதீர்கள். “இதற்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள், அது ஏன் நின்றுபோனது?” என்று கேளுங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வங்கிக் கடன் போதவில்லை என்று வருந்தும் சிறு நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 3.65 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக நாளுக்கு ஒரு லட்சம். வாடிக்கையாளர்கள் பணம் தர 90 நாள் எடுத்துக்கொண்டால் 90 லட்சம் ரூபாய் வெளியில் நிற்கிறது. அதை 60 நாளாகக் குறைத்தாலே, வட்டியில்லாமல் 30 லட்சம் கைக்கு வரும்; மிச்சமாகும் வட்டி லாபத்தில் சேரும். லாபத்தைக் கூட்டுவது என்ற கேள்வி, எந்த ஐந்து வாடிக்கையாளர்களிடம் பாக்கி தேங்குகிறது என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது; இதற்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கணக்கே போதுமானது.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இதைப் படித்தவுடன் “நோட்டீஸ் அனுப்புங்கள்” என்று பரிந்துரை எழுதிவிடுகிறார்கள். விற்பனையில் பாதியை வாங்கும் வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த ஆர்டர் என்ன ஆகும் என்பதை உரிமையாளர் அறிவார். நீங்களும் அறிந்திருக்க வேண்டும். எதிலிருந்து தாமதம் தொடங்குகிறது என்று பாருங்கள். நான் கண்ட ஒரு நிறுவனத்தில், சரக்கு போன பிறகு பில் போகவே ஒன்பது நாள் ஆனது. அதைச் சரிசெய்ய எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

வணிகவியல் மாணவி: நிறுவனம் கணக்குகளைக் காட்ட மறுக்கிறது. கிடைத்த தகவலைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு ஆராயலாமா?

அவர்கள் தயங்குவது நியாயமானதுதான். கல்லூரியின் பெயரில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கொடுங்கள். வாடிக்கையாளர் பெயர்களுக்குப் பதிலாக எண்களை இட்டுத் தரக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், அவர்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்து, கூட்டுத்தொகையை மட்டும் எழுதி வாருங்கள். அனுமதியில்லாமல் அவர்களுடைய தகவலை எந்தச் செயலியிலும் ஏற்றக் கூடாது, குழுவின் வாட்ஸ்அப்பிலும் பகிரக் கூடாது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண் தனிநபர் தரவு. அதைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

ஒரு மாணவரின் தந்தை: என் மகன் இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லாமல் ஒரு நிறுவனத்துக்குப் போய் வருகிறான். இது படிப்பா, இலவச வேலையா?

உங்கள் கவலை சரியானது. நான் வழிகாட்டியாக இருந்த தொடக்க ஆண்டுகளில், சந்தை ஆய்வு என்று சொல்லி அழைத்த ஒரு கடை, ஐந்து மாணவர்களைத் தீபாவளிக் கூட்டத்தில் பில் போடவும் துணி மடிக்கவும் நிறுத்திவிட்டது. பிள்ளைகள் என்னிடம் சொல்லத் தயங்கினார்கள். நானாக நேரில் போய்ப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் என்னுடைய தவறு. அன்றிலிருந்து, முதல் பத்து நாளுக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருமுறை சென்று பார்க்காமல் எந்தக் குழுவையும் விடுவதில்லை.

உங்கள் மகனிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவன் போகவில்லையென்றால் அந்த வேலைக்கு அவர்கள் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்களா? ஆம் என்றால் அது வேலை, அதற்குக் கூலி தர வேண்டும். ஆலோசனைப் பணியாகவே இருந்தாலும் போக்குவரத்துச் செலவையும் மதிய உணவையும் நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரேசில் 2016இல் மாணவர் ஆலோசனை அமைப்புகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி மாணவர்கள் தன்னார்வலர்கள். நிறுவனங்களிடம் வாங்கும் கட்டணம் அமைப்பின் கல்விப் பணிகளுக்கே திரும்பச் செலவாக வேண்டும். நம் கல்லூரிகள் கட்டணம் வாங்கினால், அது எங்கே போகிறது என்று பெற்றோர் கேட்கலாம்.

குழுத் தலைவர் ஒருவர்: ஐந்து பேரில் இருவர் வேலையே செய்வதில்லை. என்ன செய்வது?

வாரந்தோறும் யார் எதை முடித்தார் என்று ஒரு பக்கம் எழுதி வழிகாட்டிக்கு அனுப்புங்கள். இரண்டாம் வாரத்திலேயே சொல்லுங்கள். எட்டாம் வாரத்தில் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

தமிழ்வழியில் படித்த மாணவர்: எனக்கு ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது. என்னைப் போன்றவர்கள் ஆலோசகராக முடியுமா?

நீங்கள் இருப்பது குழுவுக்குப் பெரும் பலம். ஃபவுண்டரியில் (வார்ப்பட ஆலையில்) உருகிய உலோகத்தை ஊற்றுபவரிடமும், கட்டிங் மாஸ்டரிடமும், டெஸ்பாட்ச் எழுதுபவரிடமும் பேசி விவரம் வாங்குவதுதான் இந்தப் பணியின் கடினமான பகுதி. ஆங்கிலத்தில் தேர்ந்த மாணவர்கள் அங்கே வாயடைத்து நிற்பதையும், கிராமத்திலிருந்து வந்த மாணவர் பத்து நிமிடத்தில் முழு விவரத்தோடு திரும்புவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். திருப்பூரில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருப்பதால், அங்கே இந்தி தெரிந்த ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கான அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும். உரிமையாளருக்கு முன்பாகத் தமிழிலேயே விளக்குங்கள்; பெரும்பாலோர் அதைத்தான் விரும்புகிறார்கள்.

இளம் உதவிப் பேராசிரியர்: இத்தகைய பணிக்கு எப்படி மதிப்பெண் இடுகிறீர்கள்? மாணவர்கள் போன பிறகு நிறுவனம் எதையாவது பின்பற்றுகிறதா?

உரிமையாளரின் பாராட்டுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பதில்லை. அவர் விரும்பியதையே திருப்பிச் சொல்லிப் பாராட்டு வாங்க முடியும். சான்று இருக்கிறதா, கேள்வியைச் சரியாகத் திருத்தினார்களா, தெரியாததைத் தெரியாது என்று எழுதினார்களா என்று பார்க்கிறேன். “போதிய தகவல் கிடைக்காததால் இதில் பரிந்துரை செய்ய இயலவில்லை” என்று எழுதிய ஒரு குழுவுக்கு அந்த ஆண்டின் மிக உயர்ந்த மதிப்பெண்ணைக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து நானே நிறுவனத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் சொல்கிறேன்.

மேலே சொன்ன கிரைண்டர் நிறுவனத்துக்கும் அப்படிப் போனேன். பார்சல், பதிவேடு ஆகிய இரண்டோடு, டீலர்களுக்கு மாதாந்திரக் கூட்டம் என்ற மூன்றாவது பரிந்துரையையும் குழு கொடுத்திருந்தது. அந்தக் கூட்டம் ஒருமுறை நடந்து நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை பார்சல் நடந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் மட்டும் புதனுக்குத் தள்ளிப்போவதாகச் சொன்னார்கள். புகார்ப் பதிவேடு புதிதாக மாறியிருந்தது. அதன் முதல் பக்கத்தில் உதிரிபாகங்களின் பெயர்ப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். மூத்த பணியாளர் இப்போதும் சில வரிகளில் ‘வார்’ என்றே எழுதுகிறார்; பக்கத்து மேசைக்காரர் அதன்மேல் பென்சிலால் ‘பெல்ட்’ என்று குறித்துவைக்கிறார்.