நண்பரின் கையில் பிரஷர் பார்த்துப் பழகுவது எப்படி? செய்முறைப் பரீட்சை எழுதுவோருக்கான கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தாதியமும் மருத்துவமும் பயிலும் மாணவர்கள் ஓஸ்கி (OSCE) எனும் செய்முறைப் பரீட்சையை முன்னிட்டு அனுப்பிய கேள்விகளுக்கு, தாதிய மாணவருக்கு நீண்ட காலம் செய்முறை கற்பித்தவள் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி (கல்லடி): மிஸ், விடுதியில் நாங்கள் நான்கு பேர் ஒரே தோழிக்குப் பிரஷர் பார்த்தோம். மேல் அளவு 104 தொடக்கம் 126 வரை நான்கு விதமாக வந்தது. பிழை எங்கள் காதிலா, கருவியிலா?

பதில்: காதையும் கருவியையும் சந்தேகிக்கும் முன் தோழி எப்படி இருந்தாள் என்று பாருங்கள், மகள். வெயிலில் கல்லடிப் பாலம் கடந்து சைக்கிளில் வந்தவளைக் கட்டில் விளிம்பில் கால் தொங்க இருத்தி, கதைத்துக்கொண்டே பார்த்தால் அளவு ஒவ்வொரு தடவையும் மாறத்தான் செய்யும். தேநீர் குடித்தோ ஓடியாடியோ அரை மணித்தியாலம் கழிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கையை மேசையில் இதய மட்டத்தில் வைத்துத் தாங்குங்கள். அது 10 சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தாலே அளவு ஏறக்குறைய 8 கூடிவிடும்.

அடுத்தது விரல். தோழியை முழங்கையைச் சற்று மடக்கச் சொன்னால் மடிப்பின் நடுவில் தசைநாண் கயிறு போல எழும். அதற்கு உடல் பக்கமாக விரல் நுனியை வைத்துக்கொண்டு கையை நீட்டச் சொல்லுங்கள். மேற்கையில் ஓடும் புயநாடி துடிப்பது தெரியும். மேற்கையைச் சுற்றிக் கட்டும் பட்டையான கஃபினுள் இருக்கும் காற்றுப்பையின் நடுப்பகுதி அந்த நாடிக்கு நேராகவும், கஃபின் கீழ் விளிம்பு மடிப்புக்கு 2 தொடக்கம் 3 சென்ரிமீற்றர் மேலாகவும் இருக்கட்டும். மணிக்கட்டுத் துடிப்பைத் தொட்டபடி காற்றை ஏற்றி, துடிப்பு மறையும் எண்ணைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் இறக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, அதன் பின்னரே ஸ்டெதஸ்கோப்பை வைத்து அந்த எண்ணுக்கு 30 மேலே ஏற்ற வேண்டும். இறக்கும்போது செக்கனுக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றருக்கு மேல் விடாதீர்கள்.

மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கும் இந்தப் படியைத்தான் விடுதியில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நண்பரின் இளங்கையில் அதை விட்டாலும் விடை பெரும்பாலும் சரியாகவே வரும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பிரஷர் கூடிய நோயாளிகள் சிலருக்குக் காற்றை இறக்கும்போது நாடியின் ஒலி தொடங்கி, இடையில் சிறிது தூரம் முற்றாக மறைந்து, மீண்டும் கேட்கும். போதிய அளவு ஏற்றாமல் அந்த இடைவெளிக்குள் கேட்கத் தொடங்குபவர் 180 உள்ளவருக்கு 140 என்று எழுதிவிடுவார். நண்பரின் கை பிழையைக் காட்டிக்கொடுக்காது என்பதால் அங்கேதான் ஒரு படியையும் விடாமல் பழக வேண்டும்.

பார்த்த அளவை ஒருவருக்கொருவர் சொல்லாமல் துண்டில் எழுதி, கடைசியில் ஒப்பிடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய இரட்டை ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் மிக நல்லது. வித்தியாசம் 4க்குள் நின்றால் காது பழகிவிட்டது எனக் கொள்ளலாம். கருவியின் கோடுகள் இரண்டிரண்டாகவே இருப்பதால் 115 என்று எழுதியவர் ஊகித்து எழுதியிருக்கிறார்.

கேள்வி (காத்தான்குடி): மிஸ், அபாயாவின் கைக்கு மேலே கஃப் கட்டலாமா? சுருட்டி விட்டால் இறுகுகிறது.

பதில்: துணிக்கு மேல் கட்டுவது சரியல்ல. இறுகச் சுருட்டிய துணியும் கையை நெரித்து அளவை மாற்றும். கதவைச் சாத்தி, பெண்கள் மட்டும் இருக்கும் அறையில், உள்ளே தளர்வான கைச்சட்டை அணிந்து பழகுங்கள். அபாயாவின் ஒரு கையை மட்டும் கழற்றி, தோளை ஒரு துணியால் மூடிவிட்டால் போதும். வார்ட்டில் நோயாளியைத் திரையிட்டு மறைப்பதும், கையைத் தொடும் முன் சம்மதம் கேட்பதும் இங்கேயே பழக்கமாகிவிடும். தோழி ஒருநாள் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் காரணம் கேளாமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): பழகும்போது என் அறை நண்பனுக்கு 152/96 வந்தது. அவனுக்கு 22 வயது. சொல்வதா, விடுவதா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள் தம்பி, ஆனால் மற்றவர்கள் முன்னிலையில் அல்ல. முதலில் கஃபின் அளவைப் பாருங்கள்; காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் உள்ளதைவிட அளவு கூட்டிக் காட்டும். 5 நிமிடம் அமைதியாக இருக்க வைத்து மறுபடி பாருங்கள், மற்றக் கையிலும் பாருங்கள். அப்போதும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால், ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று முடிவு செய்ய முடியாது என்பதையும், வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும் என்பதையும் இரண்டையும் சேர்த்துச் சொல்லி, வெளிநோயாளர் பிரிவுக்குக் கூடவே போங்கள். இளவயதில் பிரஷர் கூடினால் சிறுநீரகம் போன்ற வேறு காரணங்களையும் வைத்தியர் தேடுவார். 180/120ஐத் தாண்டி, கடும் தலையிடி, நெஞ்சுவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் ஏதேனும் இருந்தால் காத்திராமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அவனுடைய பிரஷர் அளவு உங்கள் குறிப்புப் புத்தகத்திலோ வட்ஸ்அப் குழுவிலோ பெயருடன் இருக்கக்கூடாது.

கேள்வி (கல்முனை): கனுலா (நாளத்தினுள் ஊசியால் செலுத்தும் மெல்லிய குழாய்) போடுவதையும் நண்பர்களிடம் பழகலாமா?

பதில்: கூடாது. விடுதி அறையில் ஊசி எடுக்கவே வேண்டாம்; ஈரல் அழற்சி பி போன்ற தொற்றுகள் ஒரு ஊசிக் குத்தில் பரவும். நண்பரின் கையில் நாளம் புடைக்க இறுக்கும் பட்டியான டூர்னிக்கே கட்டி, நாளத்தைத் தொட்டுத் தெரிவு செய்யும் வரை பழகுங்கள். ஊசியை மாதிரிக் கையில், பயிற்றுநர் அருகில் நிற்கும்போது மட்டும் தொடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): நண்பரிடம் "பெயர் என்ன" என்று கேட்கச் சிரிப்பு வருகிறது. அதைக் கட்டாயம் கேட்க வேண்டுமா?

பதில்: வேண்டும். ஓஸ்கி முறையை 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் அறிமுகப்படுத்தியபோதே, விடையைப் போலச் செய்யும் விதத்தையும் பட்டியலிட்டுப் புள்ளியிடுவதாகத்தான் அமைத்தார்கள். கை கழுவுதல், தன்னை அறிமுகம் செய்தல், பெயர் கேட்டு உறுதி செய்தல், கை இறுகும் என்று முன்கூட்டியே சொல்லுதல், முடிவை விளக்குதல் ஆகியவற்றுக்கும் புள்ளி உண்டு. அதிகம் பழகாத ஒருவரைப் பக்கத்து அறையிலிருந்து அழைத்து வாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். அம்பாறை வைத்தியசாலையில் பணியாற்றப் போகிறவர்கள் இதே வசனங்களைச் சிங்களத்திலும், சிங்கள நண்பர் ஒருவர் திருத்தித் தர, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.