ஆற்றில் கயாக் ஓட்டி ஆட்கடத்தலுக்கு எதிராக நிதி திரட்டுவதால் உண்மையில் பயன் உண்டா?

மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை காவிரியில் கயாக்கில் போய் நிதி திரட்ட எண்ணியிருப்பதாகவும், "நீ படகு ஓட்டினால் கடத்தல் நின்றுவிடுமா?" என்று வீட்டில் கேலி செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையில் ஒரு வேலையும், சேர்த்து வைத்த பத்து நாள் விடுப்பும், கொஞ்சம் குற்ற உணர்வும் உள்ளவர் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2018 டிசம்பரில் நானும் அப்படித்தான் இருந்தேன். நண்பர் ஒருவருடன் மேட்டூர் அணைக்குக் கீழிருந்து முக்கொம்பு வரை, ஏறத்தாழ 175 கிலோமீட்டர், பத்து நாளில் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேலி செய்பவர்கள் அங்கேதான் பிடிப்பார்கள். திரண்டது 1,86,400 ரூபாய். கயாக், சாப்பாடு, துணைக்கு வந்த வேன் எல்லாமாக எங்கள் கையிலிருந்து போனது 41,000. அந்த 41,000-ஐ நேராகவே கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், கொடுத்திருக்கலாம்தான். ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த 1,86,400-ஐ யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கனடாக் குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா மகன் பெரிய தொகை தர முன்வந்தான். நாங்கள் தேர்ந்தெடுத்த தொண்டு நிறுவனத்திடம் வெளிநாட்டு நிதி பெறுவதற்கான பதிவு இல்லாததால் அதை வாங்க முடியவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்துத் தந்தால் வாங்கலாம், குடியுரிமை மாறியவர் தந்தால் பதிவு வேண்டும். இதைப் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். புறப்பாட்டு விழாவில் கொடியசைத்து, மாலை போட்டு, படமெடுத்துக்கொண்டு, 25,000 ரூபாய் தருவதாக ஒலிபெருக்கியில் அறிவித்த ஒரு சங்கம் இன்றுவரை ஒரு ரூபாயும் தரவில்லை. நான்கு முறை தொலைபேசியில் கேட்டேன், நான்கு முறையும் பொருளாளர் வெளியூரில் இருந்தார். அவர்கள் பெயர் போட்ட பிளெக்ஸ் பலகைக்கு நான் கொடுத்த 1,800 ரூபாய்தான் இன்னும் உறுத்துகிறது.

காவிரி ஓடும் ஆறு என்று நம்பித்தான் இறங்கினோம். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்னுற்பத்திக்காக வரிசையாகக் கதவணைகள் இருப்பதால், அந்தப் பகுதி முழுவதும் ஆறு ஏரியைப் போல நிற்கிறது; படகைத் தள்ளிவிட ஓட்டமே கிடையாது. ஒவ்வொரு கதவணைக்கும் முன்னால் கரையேறி, கயாக்கைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்து, கீழ்ப்பக்கம் இறக்க வேண்டும். ஆகாயத்தாமரை அடைத்த இடங்களில் துடுப்பை உருவி எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும். பூலாம்பட்டித் துறையில் விசைப்படகு ஓட்டும் பெரியவர் ஒருவர் காற்றடைத்த எங்கள் கயாக்கை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கதவு தூக்கறப்ப சங்கு ஊதுவாங்க தம்பி, கேட்டதும் கரைக்கு வந்துருங்க. சங்கு கேக்கலைன்னாலும் மதகுகிட்டப் போயிராதீங்க" என்றார். நான் சொல்லக்கூடிய எச்சரிக்கையும் அதுவேதான்.

நாங்கள் பட்ட உண்மையான பாடு ஒரு சொல்லால் வந்தது. நாங்கள் சொல்ல வந்தது, சுரண்டுவதற்காக ஆளைச் சேர்த்துக் கொண்டுபோவதை. ஆனால் தமிழில் ஆட்கடத்தல் என்றால் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்ப் பணயத்தொகை கேட்பது என்றுதான் மக்கள் புரிந்துகொள்கிறார்கள். அந்த ஆண்டு மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுவதாக வாட்ஸப்பில் பரவிய வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றிருந்தார்கள். அந்தப் பயம் டிசம்பரிலும் தணிந்திருக்கவில்லை. எங்கள் லைஃப் ஜாக்கெட்டின் முதுகில் "ஆட்கடத்தல்" என்பதைப் பெரிய எழுத்திலும் "எதிரான பயணம்" என்பதை அதன் கீழே சிறிய எழுத்திலும் அச்சடித்திருந்தார்கள். கோனேரிப்பட்டிக்குக் கீழே ஓர் ஊரில் கரையேறியபோது பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். துடுப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வேன் ஓட்டுநர் வந்து விளக்கும்வரை ஒன்றரை மணி நேரம் ஈரத் துணியோடு உட்கார வைத்தார்கள். அவர்கள் மீது எனக்கு இன்றும் கோபமில்லை. அச்சகத்தார் மீதுதான் இருக்கிறது.

அன்றிரவே பேச்சை மாற்றி எழுதினோம். கடத்தல் என்ற சொல்லை எடுத்துவிட்டு, "முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருக்கிறீர்களா?" என்று தொடங்கினோம். பள்ளிபாளையத்துப் படித்துறையில், எதிரே சாயக்கழிவு நுரைத்து ஒதுங்கிக் கிடக்க, தறி ஓட்டும் ஓர் அம்மா துணி அலசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மில்லுக்குப் போன புள்ளைய மூணு வருசம் முடிஞ்சாத்தான் மொத்தப் பணத்தோட அனுப்புவாங்களாம். போன்ல பேசினா பக்கத்துல வார்டன் நிக்குது. இதுவும் நீங்க சொல்றதுல வருதுங்களா?" வருகிறது என்றேன். கொத்தடிமை முறை 1976-லேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்றும், பெண்ணுக்கு எத்தனை வயது என்றும், பதினெட்டு ஆகாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் காசில்லாமல் பேசலாம் என்றும் சொன்னேன். அவர் கைபேசியை என்னிடமே நீட்டி எண்ணைப் பதியச் சொன்னார். "புள்ள" என்ற பெயருக்கு மேலே அதைப் பதிந்தேன். அப்புறம் என்ன நடந்தது என்று தெரியாது. அவருடைய எண்ணை வாங்கி வைக்கத் தோன்றாதது என் தவறு.

பயணத்துக்காக இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆட்கடத்தல் பற்றிய பிரிவான 370-ஐப் படித்தபோது (2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 143), என்னைத் தூங்கவிடாத ஒன்றைக் கண்டேன். சுரண்டுவதற்காக ஆளைச் சேர்ப்பவர், ஏற்றிச் செல்பவர் மட்டுமல்ல, இடம் கொடுத்து வைத்துக்கொள்பவரும் அதில் வருகிறார். ஆள் யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதும் வருகிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே அல்ல.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பாட்டி வீட்டின் பின்கட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருந்தது. 1996 வாக்கில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஏற்காட்டு மலை ஊர் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஒரு தரகர் கொண்டுவந்து விட்டார். அவள் அப்பாவுக்கு 3,000 ரூபாய் முன்பணம். பகலில் பாத்திரம் துலக்குவாள், இரவில் குண்டு பல்பின் கீழே குனிந்து கொலுசில் சலங்கை கோர்ப்பாள், சமையலறையில் சாக்கு விரித்துப் படுப்பாள். நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அவள் என்னைச் "சின்னவரே" என்பாள். ஒரு வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போக அவள் அப்பா வந்து திண்ணைக்குக் கீழே நின்றார். "முன்பணம் இன்னும் கழியலியே" என்று பாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும்தான்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்தவர்களையெல்லாம் குற்றவாளி என்கிறாயா, அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தானே இருந்தது என்று கீழே எழுத வருபவர்களுக்கு: பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைக்கத் தடை வந்தது 2006-இல்தான் என்பது எனக்கும் தெரியும். நான் வழக்கறிஞன் அல்லன். பாட்டி கெட்டவர் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தீபாவளிக்குப் பாவாடை எடுத்துக் கொடுத்தவர். ஆனால் முன்பணம் கழியும்வரை மகளை அனுப்ப மாட்டேன் என்பதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

ஆகவே பணம் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். எங்கள் தொகையின் பெரும்பகுதி, மீட்கப்பட்ட குடும்பங்கள் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணத்துக்கும், அன்றைய கூலி இழப்புக்கும் போனது. 2016-ஆம் ஆண்டு மத்தியத் திட்டப்படி, விடுவிப்புச் சான்றிதழ் பெற்ற கொத்தடிமைத் தொழிலாளருக்கு உடனடியாகக் கிடைத்தது 20,000 ரூபாய் வரைதான் (பின்னர் 30,000 ஆனது). பெரிய தொகை தண்டனை உறுதியான பிறகே என்று அதில் இருந்தது. சாட்சி வராவிட்டால் அதுவும் இல்லை. மீட்கப்பட்ட குழந்தையின் முகத்தைப் பலகையில் போட்டுப் பணம் கேட்கும் நிறுவனத்துக்காக மட்டும் துடுப்புப் போடாதீர்கள்.

முக்கொம்பில் கரையேறியபோது, ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்த மதகுகளின் இடத்தைப் பார்க்கத்தான் கூட்டம் நின்றது, எங்களைப் பார்க்க அல்ல. அதன்பின், பாட்டி வீட்டில் இருந்த அந்தப் பெண்ணின் ஊருக்கு இருமுறை போனேன். அவள் அண்ணன் வாசலிலேயே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை.

கயாக் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. அடியில் இரண்டு ஒட்டுகள். இடப்பக்க வால்வு இரவில் காற்றை இறக்கும். சேலம் வந்தால் எடுத்துச் செல்லுங்கள், லைஃப் ஜாக்கெட்டை மட்டும் புதிதாக அச்சடித்துக்கொள்ளுங்கள்.