‘தைரியமாகப் பேசுங்கள்’ என்று சொல்வதில் பயனுண்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தன்னார்வக் குழுவில் 12 பேருக்கு மேடையில் பேசவும் கூட்டம் நடத்தவும் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 6 வாரமாகிறது. எழுதி வந்து ஒப்பிக்கிறார்கள். ஒரு வரி விட்டுப்போனால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நன்றாகப் பேசும் நாலைந்து பேரோ, கலந்துரையாடல் நடத்தச் சொன்னால் ‘ஏதாவது கேள்வி உண்டா?’ என்று கேட்டுவிட்டு, யாரும் வாய் திறக்காததால் தாங்களே மறுபடி பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ‘தைரியமாகப் பேசுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. எங்கே தவறுகிறேன்?

ம.

அன்புள்ள ம.,

அந்த வாக்கியத்தை இந்த வாரமே விட்டுவிடுங்கள். அதைக் கேட்பவர் அடுத்து என்ன செய்வது என்று அதில் ஒன்றுமில்லை. பேசிப் பேசித்தான் பயம் குறையும். ஆகவே உங்கள் வகுப்பில் ஒருவர் எத்தனை முறை எழுந்து பேசுகிறார் என்று எண்ணுங்கள். 12 பேர், ஆளுக்கு 5 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். அதில் ஒருவர் ஒரே முறை பேசிவிட்டு, மீதி 55 நிமிடமும் உட்கார்ந்திருப்பார். அதிலும் பாதி, தன் முறை எப்போது வருமோ என்ற பதைப்பில் போய்விடும்.

எல்லோரையும் 6 ஜோடியாக நிற்க வையுங்கள். ஒருவர் 2 நிமிடம், எதிரில் நிற்பவர் 2 நிமிடம். ஜோடியை மாற்றி அதே பேச்சை மறுபடி, பிறகு இன்னொரு முறை. மொத்தமே கால் மணி நேரம்தான். மூன்றாம் முறை சொற்கள் தாமாக மாறியிருக்கும். ஒப்பிக்கும் பழக்கம் அங்கேதான் உடைகிறது. அடுத்த வாரம் நால்வர் முன், அதற்கடுத்து எல்லோர் முன்.

முழுப் பேச்சையும் எழுத விடாதீர்கள். ஒப்பிக்கும்போது ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டே வரும். ஒரு கண்ணி அறுந்தால் பின்னால் உள்ளதெல்லாம் போய்விடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளதற்கு உள்ளங்கை அளவு அட்டையில் நான்கைந்து சொற்கள் போதும். பிறகு, வேண்டுமென்றே பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லுங்கள்: வாயை மூடி, மூச்சை விட்டு, அட்டையில் அடுத்த சொல்லைப் பார்த்து, தலை நிமிர்ந்த பிறகே பேச வேண்டும். அட்டையைப் பார்த்தபடி பேசினால் குரல் தரையில் விழும்.

பேசும் முன் இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள். தன் படபடப்பு எல்லோர் கண்ணிலும் படுகிறது என்றே பேசுபவர் நினைப்பார். வெளியே தெரிவது அவர் நினைப்பதைவிட மிகக் குறைவு. உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

இனி கலந்துரையாடல். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். ‘ஏதாவது கேள்வி உண்டா?’ என்றால் ‘இல்லை’ என்பதே எளிதான பதில். ‘போன கூட்டத்தில் நேரம் வீணான ஓர் இடத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ஒவ்வொருவரும் தான் கண்டதிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்ல முடியும்.

கேட்ட பிறகு நடப்பதை உற்றுப் பாருங்கள். முதல் நொடி அமைதி. இரண்டாம் நொடியில் நெறியாளர் சிரிக்கிறார். மூன்றாம் நொடியில் கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறார். பதிலைத் திரட்டிக்கொண்டிருந்தவர், புதுக் கேள்வியைப் புரிந்துகொள்ள முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். உங்கள் நெறியாளர்கள் மனத்துக்குள் 7 வரை எண்ணட்டும். எண்ணும்போது கையைப் பிசையக்கூடாது, தாளைப் புரட்டக்கூடாது.

அப்படியும் அமைதி நீடித்தால், 2 நிமிடம் தனியாக எழுதவும், 3 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் விட்டு, ‘உங்கள் ஜோடியில் என்ன வந்தது?’ என்று கேட்கலாம். கருத்து இருவருடையது என்றானதும் கூச்சம் பெரும்பாலும் விலகிவிடும். ஒருவரே விடாமல் பேசினால், அவர் சொன்னதை ஒரு வரியில் பலகையில் எழுதிவிட்டு, ‘இன்னும் பேசாதவர்களிடமிருந்து கேட்போம்’ என்று முகத்தை மறுபக்கம் திருப்பினாலே போதும்.

ஒவ்வொரு பதிலுக்கும் ‘அருமை’ சொல்வதையும் தடுத்துவிடுங்கள். அடுத்தவர் அந்த ‘அருமை’ கிடைக்கும் பதிலையே தேடத் தொடங்குவார். அது கிடைக்காதென்று தோன்றினால் பேசாமலேயே இருந்துவிடுவார். ‘சரி, மேலே சொல்லுங்கள்’ போதுமானது.

கடைசியாக, ஒருவரை ஓரத்தில் உட்காரவைத்து, வட்டமாக எல்லோர் பெயரையும் எழுதி, யார் வாய் திறந்தாலும் அந்தப் பெயரருகே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். 20 நிமிடம் முடிந்ததும் தாளை நெறியாளர் கையில் கொடுத்து, அடுத்த முறை எந்த ஒன்றை மாற்றப்போகிறார் என்று அவரையே கேளுங்கள். உங்கள் கருத்தை அதற்குப் பிறகு சொல்லுங்கள், அதுவும் ஒன்றே ஒன்று. ஐந்து குறை சொன்னால் எதையும் திருத்த மாட்டார்கள்.