சீட் அதிர்கிறது, சேதி வரவில்லை

கேள்வி: வீட்டில் அலுமினியம் ஃப்ரேமில் ரேஸிங் சிமுலேட்டர் வைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் ஒரு பேஸ் ஷேக்கரை (தாழ்ந்த ஒலியை அதிர்வாக மாற்றும் கருவி) மாட்டி, கேமின் சத்தத்தையே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வழியாக அதற்குக் கொடுத்தேன். முதல் நாள் குஷியாக இருந்தது. இப்போது எந்நேரமும் ஒரே நடுக்கம்தான், கார் நழுவினால்கூடத் தெரிவதில்லை. இன்னொரு ஷேக்கர் வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஷேக்கருக்குப் போவது என்னவென்று முதலில் பாருங்கள். நான்கு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த உறுமலோடு கேமின் பின்னணி இசை, பக்கத்தில் ஓடும் காரின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து சீட்டுக்கு வந்தால் டயர் சொல்வது எப்படிக் கேட்கும்?

சத்தத்தை விட்டுவிட்டு டெலிமெட்ரிக்கு, அதாவது காரின் நிலையைப் பற்றி கேம் தரும் எண்களுக்கு, மாறுங்கள். ஒவ்வொரு சக்கரமும் என்ன வேகத்தில் சுழல்கிறது, சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியது என்பதையெல்லாம் கேம் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது, பெரும்பாலான ரேஸிங் கேம்கள் அதை வெளியேயும் தருகின்றன. சிம்ஹப் மாதிரி ஒரு மென்பொருள் அதை வாங்கி, தேவையான நிகழ்வுக்கு மட்டும் ஒரு அதிர்வை உருவாக்கி, தனி யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக ஆம்புக்கு அனுப்பும். கேம் சத்தம் வழக்கம்போல் ஹெட்ஃபோனில் வரட்டும்.

நிறுவியதும் அதில் இருக்கும் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், ஆமாம், எல்லாவற்றையும்தான். ஸ்டியரிங்கில் வரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பெரும்பாலும் முன் சக்கரங்களின் கதையைத்தான் சொல்லும். பின்பக்கம் வழுக்குவதை நிஜக் காரில் நம் இடுப்புதான் முதலில் உணரும், வீட்டிலோ கார் நகர்வதில்லை, திரையில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் கார் பாதி திரும்பியிருக்கும். அதனால் சீட்டில் இருக்கும் ஒற்றை ஷேக்கருக்கு முதல் வேலையாகப் பின் சக்கர வழுக்கலைக் கொடுங்கள், அதை மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். அப்புறம் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்வதைச் சேர்க்கலாம், ஆனால் இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் குழப்பும், ஒன்று 35 ஹெர்ட்ஸ் என்றால் மற்றது 60 பக்கம் இருக்கட்டும். கியர் மாற்றத்துக்கு ஒரு சின்ன இடி போதும். சாலை மேடுபள்ளம் கடைசியில், மிக மெலிதாக. எஞ்சின் அதிர்வை நான் போடுவதே இல்லை. அதற்குத்தான் காது இருக்கிறதே.

கேள்வி: பெடலுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று என இரண்டு ஷேக்கர் வைத்தும் எது எங்கே அடிக்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை.

பதில்: முதலில் அற்பமான ஒன்றைப் பாருங்கள். 7.1 (எட்டு சேனல்) சவுண்ட் கார்டு வாங்கி, விண்டோஸில் அது ஸ்டீரியோ என்றே கிடந்தால் இரண்டு சேனல்தான் வேலை செய்யும். நானே பெடலுக்குப் போகவேண்டியதைச் சீட்டுக்கு இணைத்துவிட்டு இரண்டு வாரம் “அடடா, என்ன துல்லியம்” என்று ஓட்டிக்கொண்டிருந்தவன்.

இணைப்பு சரி என்றால் குற்றவாளி ஃப்ரேம்தான். எல்லாம் ஒரே உலோகத்தில் இறுக்கி முடுக்கியிருப்பதால் ஒரு முனையில் தட்டினால் மறுமுனை வரைக்கும் போகும். ஷேக்கரைச் சீட்டோடோ பெடல் தட்டோடோ போல்ட் போட்டு இறுக்கமாகப் பிணையுங்கள், அந்தச் சீட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் ரப்பர் புஷ் வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ஷேக்கருக்கு அடியில் ரப்பர் வைத்துவிட்டு “பலமே இல்லை” என்கிறார்கள். ரப்பர் கல் மாதிரி இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, உங்கள் எடைக்குக் கொஞ்சமாவது அமுங்க வேண்டும். பெடலுக்குத் தந்த ரப்பர் பிரேக் மிதிக்கும்போது ஆடினால் அந்த இடத்தில் சற்றுக் கடினமானதாக மாற்றுங்கள், பிரேக் உறுதியாக இருப்பதுதான் முக்கியம். ஒரே சீட்டில் இடது வலது பிரிப்பதற்குப் பெரிதாக ஆசைப்படாதீர்கள், முன் பின் பிரிந்தாலே பாதி வெற்றி.

கேள்வி: ஷேக்கர் கடகடவென்று அடித்துக்கொள்கிறது, தொட்டால் சுடுகிறது.

பதில்: உடனே ஆம்பின் அளவைக் குறைத்துவிடுங்கள். ஆம்பில் பேஸ் பூஸ்ட் இருந்தால் அணையுங்கள். 4 ஓம் ஷேக்கரை அதைத் தாங்காத ஆம்பில் மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நான்கைந்து எஃபெக்ட் ஒரே நேரத்தில் கூடி உச்சத்தைத் தாண்டினால் அலை வெட்டுப்படும், ஷேக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகுவது பெரும்பாலும் அப்படித்தான்.

கேள்வி: ஹெட்ஃபோன் போட்டுத்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் கீழ் வீட்டார் இரவில் வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

பதில்: அவர்கள் கேட்பது உங்கள் தரையை. 20, 30 ஹெர்ட்ஸ் அதிர்வு காற்றை நம்பி இருப்பதில்லை, ஃப்ரேமின் கால் வழியாக இறங்கி அவர்கள் கூரையில் பேசும், மெல்லிய கம்பளம் போட்டால் நிற்காது. ஃப்ரேமின் கால்களுக்கு அடியில் நன்றாக அமுங்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ வேண்டும். அலைவரிசை ஏற ஏறத் தடுப்பது சுலபம், அதனால் எஃபெக்ட்களை 50 ஹெர்ட்ஸுக்கு மேலே தள்ளிப் பாருங்கள். இடைவிடாமல் ஓடும் சாலை, எஞ்சின் எஃபெக்ட்களை இரவில் அணைத்துவிடுங்கள். எப்போதோ ஒரு முறை கேட்கும் இடியை மன்னிப்பவர்கள்கூட ஒரு மணி நேர ரீங்காரத்தை மன்னிக்க மாட்டார்கள். பகலில் ஒரு நாள் அவர்கள் வீட்டில் போய் நின்றுகொண்டு, மேலே வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிக் கேளுங்கள், எந்த எஃபெக்ட்டைக் குறைக்கவேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.