ஸ்காபரோவுக்குப் பாட்டோடு வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீர் நாலு கேள்வி கேட்டிருக்கிறீர். யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் சங்கீதம் படித்த பட்டம் கனடாவில் செல்லுமா, குளிருக்கு என்ன உடுப்பு, மாமி வீட்டோடு இருப்பதா தனியே போவதா, கடைசியாக, "அங்க பொம்பிளையள் தங்கட கஷ்டத்தையே பாட்டாக்கிப் பாடுகினமாம், புதிசா வாற என்னையும் சேர்ப்பினமோ?" ஜக்கெற்றை இங்கே வந்து வாங்கும், கொழும்பில் விற்கிறது ஒன்றும் ஜனவரிக்குத் தாங்காது. பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பினால், காசு கட்டிய பிறகு ஒரு கடதாசி வரும். அவ்வளவுதான். எனக்குப் பதில் சொல்ல ஆசை கடைசிக் கேள்விக்கு.

நான் 93இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலால் இராவோடு இராவாக வள்ளத்தில் வெளிக்கிட்டவள். வவுனியா, கொழும்பு லொட்ஜ், ஏஜென்சிக்காரன் என்று அலைந்து இங்கே வந்து சேர்ந்தபோது, வட இலங்கை சங்கீத சபைச் சான்றிதழ் மட்டும் பொலித்தீன் பைக்குள் நனையாமல் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கோழி வெட்டும் பக்ரறியில் இரவு ஷிஃப்ட் கிடைத்தது. பெல்ட் ஓடுகிற இரைச்சலுக்கும் ஒரு சுருதி உண்டு, நான் அதிலே மோகனம் முணுமுணுப்பேன். பக்கத்தில் நின்ற புங்குடுதீவு அக்காவுக்கு ச-ப-ச கூடத் தெரியாது. அவ ஒருநாள் கையுறையைக் கழற்றாமலே, தன் தாய் செத்தவீட்டில் பாடிய மெட்டிலே எடுத்தாவே ஒரு பாட்டு:

"ஒரே பெல்ட்டில் நிண்டமெணை, என்னைப் பெத்தவளே,
ஒரே கோழி வெட்டினமெணை,
அவனுக்கொரு டொலர் கூட, என்னைப் பெத்தவளே,
எனக்கென்ன கையொண்டு குறைவோ?"

வரிசையில் நின்ற அவ்வளவு பேரும் சிரித்துப் பிறகு பேசாமல் நின்றோம். ஏனென்றால் ஆம்பிளைகளுக்குக் கூடச் சம்பளம் என்பது அதுவரை ஒருத்தருக்கும் தெரியாது, ஒவ்வொருத்தியும் தன் சம்பளத்தைப் பொத்தி வைத்திருந்தாள். பாட்டால் சம்பளம் கூடியது என்று கதை விடமாட்டேன். ஆனால் அடுத்த கிழமை சுப்பர்வைசரிடம் போய் "ஏன்?" என்று கேட்க ஆறேழு பேர் சேர்ந்து போனோம், ஆங்கிலம் தெரிந்தவள் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள், நடுங்கிக்கொண்டு கேட்டேன்.

ஊரில் ஒப்பாரி என்றால் எங்களுக்கு இளப்பம். தியாகராஜர் கிருதியில் தெலுங்கில் உருகுவோம், சொந்தத் தமிழில் அழுதால் மானம் போய்விடும்! ஆனால் யோசித்துப் பாரும், எங்கட ஊரில் ஒரு பெண் சீதனத்தையும் மச்சாளின் வாயையும் கைவிட்ட தமையனையும் பேர் சொல்லிச் சத்தமாகத் திட்டக்கூடிய ஒரே இடம் செத்தவீட்டு முற்றம். கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுகிறவளின் வாயை அங்கே ஒருத்தரும் பொத்தமாட்டார்கள். இங்கே ஞாயிறு பின்னேரங்களில் ஒரு பேஸ்மென்டில் கூடுகிற எங்கள் பாட்டு அந்த முற்றத்திலிருந்து வந்ததுதான். இப்போது இங்கே பிறந்த பெட்டைகள் பறையும் கொண்டு வருகிறார்கள். ஊரில் அதை அடித்தவர்களை எங்கள் சனம் எந்த இடத்தில் நிறுத்தியது என்பதையும் சேர்த்துப் பாடினால் எனக்குச் சம்மதம்.

வெளியே பெரிய அளவில் செய்தவர்களும் இருக்கிறார்கள். எம்.ஐ.ஏ. என்கிற பாடகி மாயா அருள்பிரகாசம் சின்ன வயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1986இல் தாயோடு அகதியாக லண்டன் போனவர். 2005இல் வந்த முதல் அல்பத்துக்குத் தகப்பனின் இயக்கப் பெயர், 2007இல் வந்ததற்குத் தாயின் பெயர், கலா. தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த மனுசியின் பெயர் உலகம் முழுக்க அல்ப அட்டையில் போனது! எங்கள் பெரியப்பாமார் "இதென்ன கத்தல்" என்று ரீ.வி.யை நிற்பாட்டினார்கள். சுவிஸில் பிறந்த பாடகி பிரியா ரகு 2021இல் தன் பாட்டுத் தொகுப்பின் பெயரிலேயே நான் தமிழச்சி என்று அடித்துச் சொன்னார், அதை எங்கள் பிள்ளைகள்தான் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். ஜனவரி பிறந்தால் இங்கே தமிழ் மரபுத் திங்கள், மண்டபத்துக்கு மண்டபம் பொங்கல் விழா. "தங்கச்சி, ஒரு தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு பக்திப் பாட்டு" என்று கேட்பார்கள். கீபோட்காரருக்குக் காசு, சவுண்ட்காரருக்குக் காசு, பாடினவளுக்குப் பொன்னாடை. அலுமாரியில் எனக்கு இடமில்லை. அறிவிப்பாளர் உம்மை "இன்னாரின் துணைவியார்" என்றுதான் கூப்பிடுவார். புருஷன் அடிப்பதைப் பற்றி நாங்கள் ஒரு பாட்டுக் கட்டிக் கொண்டுபோனபோது, "இது குடும்ப நிகழ்ச்சி, நல்லதாப் பாடுங்கோ" என்று சொல்லி மைக்கை வாங்கிவிட்டார்கள். மகளின் அரங்கேற்றத்துக்கு வீட்டின்மேல் கடன் எடுக்கிறவர்களும் இதே ஆட்கள்தான். 80களில் வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், இப்போது எங்கள் ஆட்கள் உங்களைப் பார்க்கிற பார்வை அதைவிட மோசம். பழகிவிடும். நான் ஸ்னோவில் கார் ஓட்டவும் மிக்சர் போர்டில் கை வைக்கவும் பழகினேன், ஒருத்தரும் படிப்பிக்கவில்லை.

மாமி வீட்டைப் பற்றி ஒன்று மட்டும். 2012 ஒக்ரோபரிலிருந்து 2017 ஏப்ரல் வரை இங்கே ஒரு விதி இருந்தது. புதுசாகக் கட்டி, பிள்ளையில்லாமல் புருஷனின் ஸ்பொன்சரில் வந்தவள் இரண்டு வருடம் அவனோடு வாழ வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தர வதிவிடம் போகலாம். அடி உதைக்கு விலக்கு இருந்தது, ஆனால் அதை அவளே நிரூபிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பேஸ்மென்டில் பிறந்ததெல்லாம் கலண்டர் பார்க்கிற பாட்டு. அந்த விதி இப்போது இல்லை. நிரந்தர வதிவிடத்தோடு நீர் வந்து இறங்கிவிட்டால், "ஸ்பொன்சரை வெட்டிப்போடுவன்" என்று யாராவது வெருட்டினால் அது வெறும் வாய்ச்சவடால், மூன்று வருடத்துக்கு உம்முடைய செலவுக்குப் பொறுப்பு ஸ்பொன்சர் செய்தவர்தான். வந்து இறங்க முன்னம் அவர் விலகலாம், அது வேறு கதை. பாஸ்போட்டும் கார்ட்டும் எப்போதும் உம்முடைய கைப்பையிலே இருக்கட்டும், மாமியின் அலுமாரியில் வேண்டாம்.

தம்புராவைச் சுமக்காதையும், சுருதி போனிலேயே இருக்கு. வர முன்னம் ஊரில் கிழவிகளிடம் உட்கார்ந்து தாலாட்டு, அரிவு வெட்டுப் பாட்டு எது அகப்பட்டாலும் பதிந்துகொண்டு வாரும். எங்களுக்கு மெட்டுத் தட்டுப்பாடு, சொல்லுக்குக் குறைவில்லை.

சேர்ப்போமா என்று கேட்டீர், சேர்ப்போம். வந்து இறங்கினதும் எழுதும். "இவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்று மட்டும் எழுத வேண்டாம்.