மீன் தொட்டி ஸ்டாண்டும் கட்டில் கணக்கும்

கேள்வி: 4 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரத்தில் மீன் தொட்டி சொல்லியிருக்கிறேனுங்க. கடைக்காரர் இரும்பு ஸ்டாண்டு எடுக்கச் சொல்கிறார். வீட்டில் மரம்தான் வேண்டுமாம். எங்கள் ஆசாரி, "கட்டில் மாதிரி பண்ணிப் போடலாமுங்க" என்கிறார். நம்பலாமா?
- வாசகர், பெருந்துறை

பதில்: ஆசாரியை நம்புங்கள், கட்டில் கணக்கை நம்பாதீர்கள். கட்டிலில் படுக்கிறவர் விடிந்ததும் எழுந்து போய்விடுவார். தொட்டி எழுந்து போகாது. உங்கள் அளவுக்கு உள்ளே 12 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 340 லிட்டர், அதாவது 340 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி என்றால் அதுவே 75 கிலோவைத் தாண்டும். கல், மணல் போட்டபின் அரை டன்னுக்குப் பக்கம் வந்துவிடும்.

கட்டிலில் சட்டம் இரண்டு கால்களுக்கு நடுவே கோத்து நிற்கும். பாரமெல்லாம் அந்த மூட்டின் மேல். இங்கே அது ஆகாது. மேல் சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கி நேராகத் தரைக்குப் போகணும். ஸ்க்ரூவின் வேலை மரம் நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். ஆசாரியிடம் இந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நாலு கால் போதாது, நீளவாக்கில் நடுவிலும் இரண்டு கால் வையுங்கள். பின்பக்கம் பிளைவுட் அடித்து மூடினால் பக்கவாட்டு ஆட்டம் நின்றுவிடும். முதல் தொட்டிக்கு நான் அதை விட்டுவிட்டேன். பேரன் சாய்ந்தால்கூடத் தண்ணீர் தளும்பும்.

மரம் வாங்கும்போதுதான் காசு நழுவும். 3 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம் சுமார் 40 அடி வேண்டியிருக்கும். நீளத்தை அடியில் எடுத்து, அகலம், தடிமன் இரண்டையும் அங்குலத்தில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி: 40 × 3 × 2 ÷ 144, அதாவது 1.67. சேதாரம் சேர்த்து 2 கன அடி. அதற்கு மேல் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இழைத்த பிறகு ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் குறையும், அது இயல்பு.

தேக்கு கட்டுப்படியானால் யோசிக்காமல் தேக்கு. வேம்பு கரையானுக்குத் தாங்கும், ஆனால் பச்சையாக வாங்கினால் முறுக்கிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்ததா என்று பாருங்கள். கோங்கும் உறுதியான மரம்தான். பேரைக் கேட்டு நம்ம கொங்கு நாட்டு மரம் என்று நினைத்துவிடாதீர்கள், டிப்போவில் மலேசியக் கோங்கு என்றே சொல்லி விற்பார்கள்! மேல்பலகைக்கு 18 அல்லது 19 மி.மீ. மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் ரகம்), பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். 303 என்றிருந்தால் அது சாதாரண உபயோகத்துக்கானது. கால்களின் அடிப்பாகத்துக்கும் பெயின்ட் அடியுங்கள், மரம் ஈரத்தை அங்கேதான் உறிஞ்சும்.

அப்புறம், காலித் தொட்டியை வைப்பதற்கு முன்பே ரசமட்டம் பாருங்கள். ஸ்டாண்டு ஒரு மூலையில் தாழ்ந்தாலும் முறுக்கம் கண்ணாடிக்குப் போகும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட் போடுங்கள். மாடி வீடு என்றால், பீம் ஓடுகிற சுவர் ஓரமாக வையுங்கள், ஹால் நடுவில் வேண்டாம்.

கேள்வி: மீன் தொட்டி ஸ்டாண்டு என்று விற்ற ரெடிமேடு ஸ்டாண்டு, 20 நாளில் ஓரமெல்லாம் ஊதிவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், காங்கேயம்

பதில்: மரத்தூள் பலகையாக இருக்கும், ஈரம் பட்டால் அது ஊதத்தான் செய்யும். மீன் தொட்டிக்கு என்று சொல்லி விற்றவர், தண்ணீர் பட்டதுதான் காரணம் என்று தப்பிக்க முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் 10 நாள்தான் இருக்கிறது. போட்டோ எடுத்து, இன்றே எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். அசையவில்லை என்றால் 1915க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.